ஆறு மைல் நடை: ‘எ வாக் இன் த சன்’ படத்தை எப்படிப் பார்ப்பது

பழைய போர்ப் படம் ஒன்று சொல்லுங்கள், தளபதிகளும் வரைபட மேசையும் வேண்டாம், வெறும் சிப்பாய்கள் போதும் என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது 1945-இல் லூயிஸ் மைல்ஸ்டோன் எடுத்த ‘எ வாக் இன் த சன்’. சொன்ன கையோடு இன்னொன்றும் சொல்லிவிடுவேன்: இதைப் பார்க்கும் விதம் ஒன்று இருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டு உட்காருங்கள். இல்லாவிட்டால் இரண்டு மணி நேரம் ஆட்கள் புல்லில் படுத்துப் பேசிக்கொண்டே இருக்கிற படமாகத்தான் தெரியும். எனக்கு முதல் தடவை அப்படித்தான் ஆனது. பஸ்ஸில், ஃபோனில், பேச்சு வரும்போதெல்லாம் பத்துப் பத்து செகண்டாகத் தள்ளிவிட்டு, சண்டை எங்கே சண்டை எங்கே என்று தேடிக்கொண்டே போனேன். கடைசியில் சண்டை வந்தது. விழுந்தவர்கள் யார் என்றே எனக்குத் தெரியவில்லை. அந்தத் தப்பை நீங்கள் செய்ய வேண்டாம் என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

கதையைச் சொல்லிவிடுகிறேன், தெரிந்தால் கெட்டுப்போகிற படம் இல்லை இது. 1943 செப்டம்பர், இத்தாலியின் சலேர்னோ கடற்கரை. டெக்சாஸ் டிவிஷன் என்று பேர் வாங்கிய அமெரிக்கப் படையின் ஒரு பிளாட்டூன், 53 பேர், விடியும் முன்னே படகில் வந்து இறங்குகிறார்கள். ஆறு மைல் உள்ளே நடந்து போய் ஒரு பண்ணை வீட்டைப் பிடிக்க வேண்டும், பக்கத்தில் இருக்கும் பாலத்தைத் தகர்க்க வேண்டும். இவ்வளவுதான் வேலை. அந்தப் பாலம் ஏன் முக்கியம், வீட்டுக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள், பக்கத்துப் பிளாட்டூன் உயிரோடு இருக்கிறதா, எதுவும் அவர்களுக்குத் தெரியாது. நமக்கும் படம் சொல்லாது. நண்பகலுக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

முதல் வேலை, நல்ல பிரதி தேடுவது. அமெரிக்காவில் இந்தப் படம் யாரும் எடுத்துப் போடலாம் என்ற, பதிப்புரிமை இல்லாத நிலைக்கு வந்து பல வருஷம் ஆகிவிட்டது. அதனால் இணையத்தில் எங்கே தேடினாலும் கிடைக்கும். கிடைப்பதில் பாதி, தேய்ந்துபோன பிரிண்ட்டிலிருந்து எடுத்தது. வெளுத்துப்போன படம், கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி குரல். வேறு படமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம், இந்தப் படத்தில் குரல்தான் எல்லாமே. எனவே ஓட்ட நேரத்தை முதலில் பாருங்கள், 117 நிமிஷம் இருக்க வேண்டும். ரொம்பக் குறைவாக இருந்தால் எங்கோ வெட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அடுத்து, முதல் ஐந்து நிமிஷத்தை ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேளுங்கள். படகில் இருட்டில் பேசுகிறவர்களின் வார்த்தை பிரிந்து கேட்கவில்லை என்றால் மூடிவிட்டு வேறு பிரதி தேடுங்கள். கலிஃபோர்னியாவின் யூசிஎல்ஏ திரைப்பட ஆவணக்காப்பகம் பாதுகாத்த பிரதியிலிருந்து வந்த ப்ளூ-ரே இருக்கிறது, கிடைத்தால் அதுதான் சரி. ரசல் ஹார்லனின் ஒளிப்பதிவில் காய்ந்த புல்லும் வெயிலும் எப்படி இருக்கின்றன என்பது அதில்தான் தெரியும்.

சப்டைட்டில் போட்டுக்கொள்ளுங்கள், இங்கிலீஷ் நன்றாகத் தெரிந்தவர்களும். 1940-களின் சிப்பாய்ப் பேச்சு அது. ஒருவன் இன்னொருவனிடம் இரண்டே வார்த்தையில் ஏதோ கேட்பான், அவன் சிகரெட் எடுத்துக் கொடுப்பான், இது படம் முழுக்க நடக்கும். தானாக உருவாகிற சப்டைட்டில் இந்த மாதிரி இடங்களில் கன்னாபின்னா என்று எதையோ எழுதிவைக்கும். மனுஷர் எழுதிய சப்டைட்டிலாகப் பார்த்து எடுங்கள்.

ராத்திரியில் பாருங்கள், விளக்கை அணைத்துவிட்டு. அழகுக்காகச் சொல்லவில்லை. முதல் காட்சி கிட்டத்தட்ட முழு இருட்டு. தரையிறங்கும் படகுக்குள் ஆட்கள் நெருக்கிக்கொண்டு நிற்கிறார்கள், முகம் பாதி தெரியும் பாதி தெரியாது, குரல்தான் வந்துகொண்டே இருக்கிறது. பகலில், ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தால் திரையில் உங்கள் முகம்தான் தெரியும்.

அப்புறம் ஒரு தாளும் பேனாவும். இதைச் சொன்னால் பரீட்சையா என்று சிலர் கேட்கிறார்கள், ஆனால் எனக்கு இந்தப் படம் திறந்தது இதனால்தான். தொடக்கத்தில் கதைசொல்லியாக வரும் நடிகர் பர்ஜஸ் மெரடித்தின் குரல் ஒவ்வொருவரையும் ஒரே வரியில் அறிமுகப்படுத்திக்கொண்டு போகும். டைன், பயணத்தில் பெரிய ஆசை இல்லாதவன். ரிவேரா, இத்தாலிய வம்சம், இசை நாடகம் பிடிக்கும், கல்யாணம் செய்து நிறையப் பிள்ளைகள் பெற ஆசை. ஃப்ரீட்மன், நியூயார்க்கில் லேத் ஓட்டியவன், குத்துச்சண்டையும் தெரியும். விண்டி, பாதிரியார் மகன், ஊரில் தனியாக வெகுதூரம் நடந்து யோசித்துக்கொண்டே போகிற பழக்கம் உள்ளவன். முதலுதவிக்கார மெக்வில்லியம்ஸ், மெதுவானவன், நம்பலாம். ஆர்ச்சிம்போ, முன்னால் போய் வேவு பார்ப்பவன், வருங்காலம் சொல்பவனும் அவனே. ட்ரனெல்லாவுக்கு இரண்டு பாஷை தெரியும், ஒன்று இத்தாலியன், இன்னொன்று நியூயார்க்கின் புரூக்ளின் பகுதிப் பேச்சு. வார்ட், மண்ணை அறிந்த விவசாயி. இந்த இடத்தில் நிறுத்தி நிறுத்தி எழுதிக்கொள்ளுங்கள். ஹெல்மெட் போட்டுவிட்டால் கறுப்பு வெள்ளையில் எல்லா முகமும் ஒன்றுதான், ஒரு மணி நேரம் கழித்து ஒருவன் விழும்போது அவன் லேத் ஓட்டியவனா விவசாயியா என்று தெரிந்திருப்பதும் தெரியாமல் இருப்பதும் வேறு வேறு படம்.

நடிகர் முகம் வைத்துப் பிடிக்கிறவர்களுக்கு: டைன் டேனா ஆண்ட்ரூஸ், ரிவேரா ரிச்சர்ட் கான்டே, விண்டி ஜான் அயர்லாந்து, வார்ட் லாயிட் பிரிட்ஜஸ். மெக்வில்லியம்ஸாக வருகிற ஸ்டெர்லிங் ஹாலோவேயின் குரலைப் பின்னாளில் வின்னி த பூ கார்ட்டூனில் கேட்டிருப்பீர்கள். ஆர்ச்சிம்போவாக நடித்த நார்மன் லாயிட் 2021-இல்தான், 106 வயதில், காலமானார்.

இனி முக்கியமான விஷயம், பேச்சு. தயவுசெய்து தள்ளிவிடாதீர்கள்.

இரண்டாம் தடவை இந்தப் படத்தை என் பெரியப்பாவோடு பார்த்தேன். பட்டாளத்தில் பல வருஷம் இருந்து ரிட்டயர் ஆனவர், போர்ப் படம் என்றாலே எழுந்து போய்விடுவார், அன்றைக்கு என்னவோ உட்கார்ந்தார். அரை மணி நேரம் எதுவும் சொல்லவில்லை. கரையில் குழி வெட்டிப் படுத்துக்கொண்டு ரிவேராவும் ஃப்ரீட்மனும் ஒருவரை ஒருவர் சீண்டிக்கொண்டிருக்கும் இடத்தில், “பாரு, பேசிக்கிட்டே இருக்கானுங்க, ஒருத்தன் மூஞ்சியை ஒருத்தன் பார்க்கல” என்றார். கொஞ்சம் கழித்து, “பேச்சு நின்னாத்தான் பயம் வரும்” என்றார். அவ்வளவுதான். அதற்கப்புறம் நான் அந்தப் பேச்சை வேறு மாதிரி கேட்க ஆரம்பித்தேன். அவர்கள் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள், பதிலை யாரும் கவனிப்பதில்லை, ஒருவன் விட்ட இடத்தில் இன்னொருவன் சம்பந்தமில்லாமல் தொடங்குகிறான். ஆர்ச்சிம்போ இந்தச் சண்டை முடியாது, இன்னும் பத்து வருஷத்துக்கு மேல் போகும், திபெத்தில் போய் அடித்துக்கொண்டிருப்போம் என்று ஜோசியம் சொல்கிறான். யாரும் சாக மாட்டார்கள் என்ற ஒரு சொல் படம் முழுக்க வாய்க்கு வாய் தாவுகிறது. முதலில் விளையாட்டாக வரும். அது எப்போது யார் வாயில் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கனம் கூடியிருக்கும்.

விண்டி கடிதம் எழுதுவான், தாளில் இல்லை, மனசுக்குள். தங்கைக்கோ அக்காவுக்கோ, ஃபிரான்சஸ் என்ற உடன்பிறந்தவளுக்கு. நடக்கும்போதே, படுத்திருக்கும்போதே, வாய்க்குள் வரிகளைக் கோத்துக்கொண்டிருப்பான். ஒவ்வொரு கடிதமும் வருகிற இடத்தில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள், கடைசிக் கடிதத்துக்காக.

அடுத்த வழிமுறை: இப்போது யார் பொறுப்பில் இருக்கிறார் என்பதை விடாமல் பிடித்துக்கொண்டு போங்கள். இந்தப் படத்தின் உண்மையான கதை அதுதான் என்பது என் எண்ணம். லெப்டினென்ட் ராண்ட் படகிலேயே, கரை சேரும் முன்னமே, தலையைத் தூக்கிப் பார்த்தபோது முகத்தில் அடிபட்டுச் சாய்கிறார். சார்ஜென்ட் ஹால்வர்சன் பொறுப்பேற்று, உத்தரவு கேட்டு வருகிறேன் என்று கேப்டனைத் தேடிப் போகிறார். திரும்பி வரவில்லை. ராண்டோடு தங்கிய மெக்வில்லியம்ஸும் செத்துப்போகிறான். அடுத்து சார்ஜென்ட் போர்ட்டர் தலையில் வந்து விழுகிறது. காலில் அடிபட்டுப் பின்தங்கும் ஹாஸ்கின்ஸ், டைனைக் கூப்பிட்டு, போர்ட்டர் மேல் ஒரு கண் வைத்துக்கொள், ஆள் உடைந்துபோகப் போகிறான் என்று சொல்லிவைக்கிறான். இந்த இடத்தை நிறுத்திக் குறித்துக்கொள்ளுங்கள். இதற்குப் பிறகு போர்ட்டரின் முகத்தை மட்டும் பாருங்கள். ஹெர்பர்ட் ரட்லி என்ற நடிகர், அதிகம் பேசப்படாதவர், என்ன செய்திருக்கிறார் என்று பாருங்கள். ஒவ்வொரு சத்தத்துக்கும் முடிவெடுக்க இன்னும் ஒரு நொடி அதிகமாகிறது. உத்தரவைப் பாதியில் விழுங்குகிறார். கடைசியில் தரையில் குப்புற விழுந்து அழுகிறார்.

1945-இல் ஒரு அமெரிக்கப் படத்தில், ஜெயித்த ராணுவத்தின் சார்ஜென்ட் ஒருவர் பட்டப்பகலில் ஆட்களுக்கு முன்னால் அழுகிறார் என்று யோசித்துப் பாருங்கள். படம் அவரைக் கோழை என்று சொல்லவில்லை. சுற்றி நிற்பவர்களும் சொல்லவில்லை. டைன் பொறுப்பை எடுத்துக்கொள்கிறான், நடை தொடர்கிறது. எத்தனை தடவை பார்த்தாலும் அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

பாட்டு வரும். இதைப் பற்றி முன்கூட்டியே சொல்ல வேண்டும், ஏனென்றால் நிறையப் பேர் இங்கேதான் படத்தை விட்டு விலகுகிறார்கள். ஏர்ல் ராபின்சன் இசையில், மில்லார்ட் லாம்பெல் எழுதிய கதைப்பாட்டுகள் இடையிடையே வந்து நடந்ததையும் நடக்கப்போவதையும் சொல்லும். போர்ப் படத்தில் இது என்ன என்று தோன்றும். வில்லுப்பாட்டும் கதைப்பாடலும் கேட்டு வளர்ந்த நமக்கு அப்படித் தோன்ற வேண்டியதில்லை. செத்த வீரனின் கதையை ஊர் உட்கார்ந்து கேட்க ஒருவர் பாடுவது நமக்குப் பழக்கமான வடிவம். கட்டபொம்மனை நம் ஆட்கள் அப்படித்தான் நினைவில் வைத்திருந்தார்கள். அந்தக் காதோடு கேளுங்கள்.

பாடுகிறவர் கென்னத் ஸ்பென்சர், கறுப்பினத்தவர். திரையில் நடக்கும் பிளாட்டூனில் ஒரு கறுப்பினச் சிப்பாய்கூட இல்லை. அது தற்செயல் கிடையாது, அப்போதைய அமெரிக்க ராணுவத்தில் கறுப்பினத்தவருக்குத் தனிப் பிரிவு, 1948-இல்தான் ஜனாதிபதி ட்ரூமன் அதை முடிக்க உத்தரவு போட்டார். இத்தாலிய வம்சம், யூதன், பாதிரியார் மகன், விவசாயி எல்லோரும் தோளோடு தோள் நடக்கிற படம், அந்த நடையைப் பாடுகிறவருக்கு அதில் இடம் இல்லை. இது தெரிந்த பிறகு அந்தக் குரல் எனக்கு வேறு மாதிரி கேட்கிறது.

நடுவில் சண்டைகள் உண்டு. விமானம் வந்து சுட்டுவிட்டுப் போகும், ஹாஃப்-டிராக் என்ற கவச வண்டி ஒன்றைக் கையெறி குண்டால் மடக்குவார்கள். நன்றாக எடுத்திருக்கிறார்கள், அதற்கு வழிகாட்டி தேவையில்லை. அதைவிட, வழியில் எதிர்ப்படும் இத்தாலியச் சிப்பாய்களைக் கவனியுங்கள், ட்ரனெல்லா அவர்களோடு பேசுவான். அவர்கள் ஏன் இப்படிச் சுற்றித் திரிகிறார்கள் என்று புரிய ஒரு தேதி தெரிந்திருக்க வேண்டும்: இத்தாலி சரணடைந்த செய்தி வெளியானது செப்டம்பர் 8 மாலை, சலேர்னோவில் படை இறங்கியது 9 விடியற்காலை. நேற்று வரை எதிரி, இன்று யாரென்றே தெரியாத ஆட்கள். கரையில் காத்திருந்தது ஜெர்மன் படை. டெக்சாஸ் டிவிஷன், அதாவது 36-ஆவது காலாட்படை டிவிஷன், முதல் முறையாகச் சண்டைக்கு வந்ததே அன்றைக்குத்தான், இறங்கிய இடம் பழைய கிரேக்கக் கோயில்கள் நிற்கும் பேஸ்டம் பக்கம். அடுத்த சில நாட்களில் ஜெர்மானியர் திருப்பித் தாக்கிக் கடல் வரைக்கும் தள்ளிவிடப் பார்த்தார்கள். படத்தில் அது எதுவும் வராது, படம் நண்பகலோடு நின்றுவிடுகிறது. அந்தப் பண்ணை வீட்டில் உட்கார்ந்து மூச்சு வாங்குகிறவர்களுக்கு நாளை என்ன காத்திருக்கிறது என்று நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது.

கடைசி அரை மணி நேரம், பண்ணை வீடு. இதற்கு முன் தண்ணீர் குடித்துவிட்டு, ஃபோனைத் தூரமாக வைத்துவிட்டு உட்காருங்கள். ஒரு கல் சுவர், அதற்கு அப்பால் திறந்த வயல், வயலின் அந்தக் கோடியில் வீடு. முதலில் வார்ட் சிலரைக் கூட்டிக்கொண்டு புல்லில் ஊர்ந்து போகிறான், ஜன்னலிலிருந்து இயந்திரத் துப்பாக்கி பேசுகிறது, இரண்டு பேர் அங்கேயே கிடக்கிறார்கள். விண்டிதான் யோசனை சொல்கிறான், அந்தத் தனியாக நடந்து யோசிக்கிற விண்டி: ஒரு குழு ஆற்றைப் பிடித்துச் சுற்றிப் போய்ப் பாலத்தை நெருங்கட்டும், இன்னொரு குழு நேராக வீட்டின் மேல் போகட்டும். நேராகப் போகிறவர்கள் எதற்குப் போகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

காத்திருக்கும் நேரத்தைக் கவனியுங்கள். சுவருக்குப் பின்னால் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள், பேச்சு இப்போது மெலிந்துவிட்டது. பெரியப்பா சொன்னது எனக்கு இங்கேதான் முழுசாகப் புரிந்தது. ஒன்றரை மணி நேரமாகக் காது புளிக்கப் பேசியவர்கள் வாயடைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறார்கள், அந்த அமைதி துப்பாக்கிச் சத்தத்தைவிடப் பெரிதாக இருக்கிறது. பேச்சைத் தள்ளிவிட்டுப் பார்த்தவனுக்கு இந்த அமைதி கேட்காது. எனக்கு முதல் தடவை கேட்கவில்லை.

அப்புறம் சுவரைத் தாண்டுகிறார்கள். டைன் புல்லில் ஊரும்போது கேமராவும் அவனோடு தரை மட்டத்துக்கு இறங்கிவிடுகிறது. வீடு பக்கத்தில் இருந்த மாதிரி இருந்தது, இப்போது எட்டாத தூரத்தில் இருக்கிறது. பொறுப்பு, வரைபடம், 53 பேர் எல்லாம் போய் ஒரு மனுஷனும் ஒரு பிடிப் புல்லும்தான் மிச்சம். இந்தப் படத்தை ஒரு காட்சி மட்டும் பார்க்க நேரமிருக்கிறது என்றால் இதைப் பாருங்கள் என்று நான் சொல்ல மாட்டேன், ஏனென்றால் முன்னால் நடந்த ஆறு மைல் இல்லாமல் இந்த ஐம்பது கஜத்துக்கு அர்த்தம் கிடையாது.

வீடு பிடிபடுகிறது, பாலம் தகர்கிறது. விண்டி மனசுக்குள் ஃபிரான்சஸுக்குக் கடிதம் எழுதுகிறான்: ஒரு பாலத்தைத் தகர்த்தோம், ஒரு வீட்டைப் பிடித்தோம், ரொம்பச் சுலபமாக இருந்தது என்று. தாளில் எழுதிய பெயர்களை இப்போது எடுத்துப் பாருங்கள். யார் யார் இல்லை என்று அடித்துக்கொண்டே வாருங்கள்.

இரண்டாம் தடவை பார்ப்பதாக இருந்தால், எடுத்தவர்களைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டு பார்ப்பது நல்லது. மைல்ஸ்டோன் முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். 1930-இல் ‘ஆல் கொயட் ஆன் த வெஸ்டர்ன் ஃப்ரண்ட்’ எடுத்து ஆஸ்கர் வாங்கியவர். அதில் ஓடி வரும் வரிசையைப் பக்கவாட்டில் தொடரும் கேமரா இருக்கும், அதைப் பார்த்துவிட்டு இந்தப் படத்தின் கடைசித் தாக்குதலுக்கு வந்தால் ஒரே கை என்று தெரியும். மூலக் கதை ஹாரி பிரவுனின் நாவல், திரைக்கதை ராபர்ட் ராசன். படமாக்கியது 1944 கடைசியில், கலிஃபோர்னியாவில், போர் இன்னும் முடியாதபோது. யார் மிஞ்சுவார்கள் என்று நடிக்கிறவர்களுக்கும் தெரியாத காலம். போர் முடிந்து இரண்டே வருஷத்தில், 1947-இல், கம்யூனிஸ்ட் என்று சந்தேகித்து நாடாளுமன்றக் குழு சம்மன் அனுப்பிய 19 திரைப்படக்காரர்களில் மைல்ஸ்டோனும் ராசனும் இருந்தார்கள். சாதாரணச் சிப்பாயைப் பற்றிப் படம் எடுத்தவர்களுக்கு நாடு திருப்பிக் கொடுத்தது அது. 2016-இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் படத்தைச் சேர்த்துக்கொண்டார்கள்.

இதைப் பார்த்து முடித்தபின் தேட வேண்டியது இன்னொரு படம், ஜான் ஹஸ்டன் எடுத்த ‘சான் பியட்ரோ’. ஒரு மணி நேரம்கூட வராத ஆவணப்படம். அதே 36-ஆவது டிவிஷன், அதே இத்தாலி, மூன்று மாதம் தள்ளி, 1943 டிசம்பர், மலையடிவாரக் கிராமம் ஒன்றைப் பிடிக்கப் போகிறார்கள். அதிலுள்ள சண்டைக் காட்சிகளில் பெரும்பகுதி பிறகு நடித்து எடுத்தது, ஆனால் ஆட்கள் நிஜமான சிப்பாய்கள், முகங்களும் நிஜம். இரண்டையும் ஒரே ராத்திரியில் பார்க்காதீர்கள். மறுநாள், டைனும் விண்டியும் இன்னும் மனசில் இருக்கும்போது, அந்தப் பெயர் எழுதிய தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள்.